நாற்பத்தோரு ஊர்களின் நிதி

ஹால்வர் கிரீக்
11 பிப்ரவரி 1997

அக்கா,

ஃபோன் செய்திருக்கலாம். செய்தால் நான் கத்துவேன், நீ "கோபம் தணிந்ததும் கூப்பிடு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் கத்தினால் உன்னால் பாதியில் வைக்க முடியாது.

நேற்று சட்டமன்றக் குழுவின் முன்னால் நீ பேசியதை வானொலியில் போட்டார்கள். என் மரக்கடையில் அதைக் கேட்டது நான் மட்டும் இல்லை. ஆணி வாங்க வந்தவர்கள், அடுப்பருகே காபிக்கு வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். "நாற்பத்தோரு சிற்றூர்கள் சேர்ந்து நடத்தும் இந்தக் கூட்டுநிதி காப்பீட்டு நிறுவனத்தின் வேலையைச் செய்கிறது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு உள்ள ஒரு கட்டுப்பாடும் இதற்கு இல்லை. மாநிலக் காப்பீட்டுத் துறையின் கண்காணிப்பில் இதைக் கொண்டுவர வேண்டும்" என்று அழகாகச் சொன்னாய். அந்த நிதியின் குழுவில் உன் கூடப் பிறந்தவன் உட்கார்ந்திருக்கிறான், ஹால்வர் கிரீக்கின் மேயர் அவன்தான் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டாய்.

எண்பத்தைந்து உனக்கு நினைவிருக்கிறதா? நீ அப்போதே தலைநகரில் இருந்தாய், தெரிந்திருக்காது. அந்த வருடம் ஒரு கம்பெனியும் எங்களைச் சீந்தவில்லை. சின்ன ஊர், ஆபத்து அதிகம், லாபம் இல்லை என்றார்கள். பிரீமியத்தை நான்கு மடங்கு கேட்டார்கள், இல்லாவிட்டால் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. நீச்சல் குளத்தை மூடினோம். குளிர்காலத்தில் பிள்ளைகள் சறுக்கும் மேட்டுக்கு வேலி போட்டோம். பனி அள்ளப் போகிறவன் விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து பயந்து ஆளை அனுப்பினோம். பிறகுதான் ஊர் ஊராக ஆள் திரட்டி, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் கூடி, எங்கள் காசைப் போட்டு நாங்களே ஒரு நிதி தொடங்கினோம். அப்போது உன் துறை எங்கே இருந்தது?

ஆர்டன் கடையில்தான் இருந்தான். ஊரின் ரோடு வேலை முழுக்க இன்னமும் அவன் தலையில்தான். ரேடியோவை அணைத்துவிட்டுச் சொன்னான்: "உங்க அக்கா சின்ன வயசுலயே இப்படித்தான்டா. நாம எல்லாம் ஆத்துல குதிச்சிருவோம். அவ கரையில நின்னு ஆழம் எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டு இருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. மேயர் இல்லையா.

வெர்லின்


தலைநகர்
20 பிப்ரவரி 1997

வெர்லின்,

என் தம்பி அந்தக் குழுவில் இருக்கிறான் என்பதைப் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே குழுத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். வானொலிக்காரர்கள் அதைப் போடவில்லை. என் குற்றமா?

எண்பத்தைந்தில் என் துறை எங்கே இருந்தது என்று கேட்டாய். தூங்கிக்கொண்டிருந்தது. இப்போதும் பாதித் தூக்கம்தான். அதை உன்னைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் நிதி தொடங்கியது சரியா தவறா என்பது என் கேள்வியே இல்லை. நாற்பத்தோரு ஊர் சேர்ந்தது நல்லது. நடத்துகிற விதம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒருவனுக்கு இன்று முதுகு ஒடிந்தால் அந்தச் செலவு இந்த வருடத்தோடு முடியாது. அவன் உயிரோடு இருக்கும் வரை வரும். நீங்கள் ஊர்களிடம் இந்த வருடச் செலவுக்கு மட்டும் வாங்குகிறீர்கள். மிச்சத்தை லாபம் என்று எண்ணி டிசம்பரில் திருப்பிக் கொடுக்கிறீர்கள். அது லாபம் இல்லை, வெர்லின். பத்து வருடம் கழித்து எவனோ ஒருவனுக்குப் போட வேண்டிய கட்டு அது. உங்களுக்கு நிர்வாகம் பார்க்கும் கிராண்டலுக்குச் சம்பளம் என்ன? வசூலில் பங்கு. விலை குறைந்தால் இன்னும் பல ஊர்கள் சேரும், அவர் பங்கு கூடும். நிதி என்ன ஆனால் அவருக்கென்ன?

உள்ளே வந்து பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை. "இது காப்பீடு ஆகாது" என்று சட்டத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அதைப் போடச் சொல்லி வாதாடி வாங்கியவர்கள் நீங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதுவரை நடந்த விபத்துகளுக்கு இனிமேல் எவ்வளவு செலவு வரும் என்று வெளியாள் ஒருவரை வைத்துக் கணக்குப் பார்க்கச் சொல். கிராண்டலின் ஆள் வேண்டாம். அவ்வளவுதான். நான் சொன்னது தப்பு என்று தெரிந்தால் ஊருக்கு வந்து அந்த அடுப்பருகே உட்கார்ந்து எல்லாரும் சிரிப்பதைக் கேட்டுக்கொள்கிறேன்.

மார்லிஸ்


ஹால்வர் கிரீக்
2 மே 1997

அக்கா,

உன் கண்காணிப்பு மசோதா தோற்றது உனக்கு எங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். நாற்பத்தோரு மேயர்கள் பேருந்து வைத்துக்கொண்டு தலைநகருக்கு வந்தோம். சட்டமன்றத்தில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். கீழே நீ கோப்புகளோடு நிற்பதைப் பார்த்தேன். நீ மேலே பார்க்கவில்லை.

நீ சொன்னதைக் குழுவில் கேட்கத்தான் கேட்டேன். கிராண்டல் கோபப்படவே இல்லை. "வெர்லின், அந்தக் கணக்குக்குப் பன்னிரண்டாயிரம் டாலர் ஆகும். இன்னும் அதிகமா கட்டுங்கன்னு ஒருத்தன் வந்து சொல்றதுக்குப் பன்னிரண்டாயிரம் கொடுக்கணுமா?" என்றார். மேசை முழுக்கச் சிரிப்பு. யாரும் ஆதரிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அந்த மனிதரோடு பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன், ஒரு காசோலை தாமதமாக வந்ததில்லை.

திருப்பி வந்த பணத்தில் பனி தள்ளும் வண்டிக்குப் புதுத் தகடு வாங்கினோம். சனிக்கிழமை பழைய படைவீரர்களின் லீஜியன் கூடத்தில் விருந்து. ஆர்டன் கோப்பையைத் தூக்கி, "மார்லிஸுக்கு! அவ நம்மளை ஒருநாளும் கண்டுபிடிக்காம இருக்கணும்!" என்றான். அவன் மனைவி லவோன் அவன் தோளில் அடித்தாள். உன்னைப் பற்றி யாரும் கெட்டதாகப் பேசவில்லை. அது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வருகிறாயா, கோடையில்?

வெர்லின்

(இதற்குப் பதில் வரவில்லை.)


ஹால்வர் கிரீக்
24 மார்ச் 1998

அக்கா,

பழையதை ஒதுக்கி வை. ஆர்டனுக்கு அடிபட்டுவிட்டது.

பனி உருகி வெள்ளம் வந்தது. கிழக்கு ரோட்டில் மதகு பனிக்கட்டியால் அடைத்துக்கொண்டு ஓரின் டோக்கின் நிலம் முழுக்கத் தண்ணீர் ஏறிவிட்டது. அடைப்பை எடுக்கச் சொல்லி ஓரின் காலையிலிருந்து எனக்கு மாற்றி மாற்றி ஃபோன். கரை ஈரம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஆர்டன் சொன்னான். போய்ப் பாரேன் என்று நான் சொன்னேன். பனி தள்ளும் அந்தக் கிரேடர் வண்டியை ஓரமாக நிறுத்தும்போது கரை சரிந்து வண்டி அவன் மேலேயே சாய்ந்துவிட்டது. தூக்கி எடுக்க வெகுநேரம் ஆயிற்று. எடுக்கும் வரை பேசிக்கொண்டே இருந்தான். "வண்டி போச்சேடா, புதுத் தகடு போச்சேடா" என்றுதான் சொன்னான்.

ஹெலிகாப்டரில் உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். லவோனுக்கு அங்கே யாரையும் தெரியாது. போய்ப் பார்.

செலவைப் பற்றி லவோன் ஒன்றும் கவலைப்பட வேண்டாம், எல்லாவற்றையும் நிதி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

வெர்லின்


தலைநகர்
5 ஏப்ரல் 1998

வெர்லின்,

தினமும் போகிறேன். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. திரும்பவும் வராது என்று டாக்டர் நேற்றுத்தான் சொன்னார். சிறுநீரகத்திலும் அடி. சக்கர நாற்காலி, வீட்டில் கவனிக்க ஆள், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை இங்கே வந்து போவது, எல்லாம் ஆயுள் முழுக்க என்றார். ஆர்டனுக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் ஆகிறது.

என்னைப் பார்த்ததும் அவன் சொன்னது: "வந்துட்டியா, கரையில நிக்கிறவளே."

லவோனோடு கீழே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஆப்பிள் கேக் வாங்கி வந்து பிளந்து பாதியை எனக்கு வைத்தாள்.

"இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகுதுன்னு நினைச்சாலே தலை சுத்துது. நல்லவேளை, நிதி இருக்கு. வெர்லின் சொன்னாரு."

"ம்."

"நீங்க அந்தத் துறையிலதானே இருக்கீங்க. அது நல்ல நிதிதானே, மார்லிஸ்?"

நான் கேக்கைச் சாப்பிட்டேன், வெர்லின். "முதல்ல அவர் தேறட்டும்" என்றேன். நீ சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததையும் சொல்லவில்லை. பிணம் மாதிரி உட்கார்ந்து அவள் வாங்கித் தந்ததைத் தின்றேன். அதை உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

மார்லிஸ்


ஹால்வர் கிரீக்
18 அக்டோபர் 1999

அக்கா,

இரண்டு மாதமாக ஆர்டனுக்குக் காசோலை வரவில்லை. வீட்டுக்கு வரும் நர்ஸ் நின்றுவிட்டாள். லவோனே எல்லாம் செய்கிறாள், அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது. கிராண்டலின் அலுவலகத்தில் ஃபோனை யாரும் எடுப்பதில்லை. மற்ற ஊர்க்காரர்களைக் கேட்டேன், அங்கேயும் அதே கதை. ஒரு தீயணைப்பு வீரனின் விதவைக்கு ஜூலையிலிருந்தே இல்லையாம்.

வெள்ளிக்கிழமை நானே போனேன். கதவு பூட்டிக் கிடந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாற்காலிகள்கூட இல்லை.

லவோன் நேற்றுக் கடைக்கு வந்தாள். எல்லாரும் இருக்கும்போதே கேட்டாள்: "வெர்லின், நீங்க அந்தக் குழுவுல இருக்கீங்களா, இல்ல சும்மா பேருக்கா?" ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நீ மாநிலம்தானே? உங்களுக்குத்தான் வக்கீல்கள் இருக்கிறார்கள், போலீஸ் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி திவாலானால் அதன் ஆட்களுக்குப் பணம் கொடுக்க உங்களிடம் ஒரு பாதுகாப்பு நிதி இருக்கிறதே, அதிலிருந்து கொடுங்கள். நான் கேட்கிறேன் என்று சொல். மேயர் கேட்கிறார் என்று சொல்.

வெர்லின்


தலைநகர்
3 நவம்பர் 1999

வெர்லின்,

கேட்டேன். அந்தப் பாதுகாப்பு நிதி காப்பீட்டு நிறுவனங்கள் கட்டிய காசு. காப்பீட்டு நிறுவனம் விழுந்தால்தான் அதிலிருந்து தருவார்கள். உங்களுடையது காப்பீடு ஆகாது. அந்த ஒரு வரிக்காகப் பேருந்து வைத்து வந்தீர்களே, அதே வரி.

இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நீ நினைப்பாய். இரண்டு வருடத்துக்கு முன்பு எழுதியிருந்தால் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவசரச் சட்டம் வருகிறது. நிதியை மூடிக் கணக்குத் தீர்க்கும் வேலையை எங்கள் துறையிடம் கொடுக்கிறார்கள். என்னைத்தான் பொறுப்பில் போட்டிருக்கிறார்கள். தம்பி அதன் குழுவில் இருந்தான், வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். "இந்த நிதியைப் பத்தித் தெரிஞ்சவங்க இந்தக் கட்டிடத்துல வேற யாரு இருக்கா, மார்லிஸ்?" என்றார் ஆணையர். அத்தனை நாள் என்னைக் கேட்காதவருக்கு இப்போது நான் தேவைப்படுகிறேன்.

நீதிமன்ற அனுமதி வாங்கி உள்ளே போய்ப் பார்த்தோம். திருட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கிராண்டல் தன் பங்கைத்தான் எடுத்திருக்கிறார், ஒப்பந்தப்படி. மிச்சத்தை நீங்களே உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டீர்கள். ஆக நிதியில் ஒன்றும் இல்லை, கொடுக்க வேண்டியது மட்டும் இருக்கிறது. நீங்கள் சேரும்போது போட்ட ஒப்பந்தத்தின்படி குறைவதை நாற்பத்தோரு ஊர்களும்தான் கட்ட வேண்டும். ஊர் என்றால் வீட்டு வரி.

மார்லிஸ்


ஹால்வர் கிரீக்
27 பிப்ரவரி 2000

மாநில அதிகாரி அவர்களுக்கு,

உங்கள் உத்தரவு கிடைத்தது. ஊர்க் கூட்டம் போட்டேன். எங்கள் ஊரில் வீடுகள் மொத்தம் அறுநூறு இருக்காது. ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன வரும் என்று வாசித்தேன். பிறகு ஆரம்பித்தார்கள்.

ஓரின் டோக் எழுந்தார். "ஒரு ஆளோட காலுக்கு ஊரே வரி கட்டணுமா?"

லவோன் பின் வரிசையில் இருந்தாள். அவள் வந்ததையே நான் பார்க்கவில்லை. "ரெண்டு காலுங்க" என்றாள். "ரெண்டு காலு. அவரு மதகைத் தோண்டப் போனது யாரு நிலத்துல தண்ணி நிக்குதுன்னு, ஓரின்?"

"நான் எதையும் தப்பா சொல்லல லவோன், எனக்கும் வங்கியில கடன் இருக்கு..."

"உங்களுக்குக் கடன் இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு?"

கூட்டத்தை அதோடு கலைத்துவிட்டேன்.

வரிச்சீட்டு எல்லா வீட்டுக்கும் போயிற்று. ஆர்டன் வீட்டையாவது விட்டுவிடு என்று எழுத்தரிடம் கெஞ்சினேன். சட்டப்படி முடியாது என்றாள். உங்கள் சட்டம். ஆர்டன் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறான். "என் காலுக்கு நானே வரி கட்டுறேன்டா. இந்த மாநிலத்துலயே முதல் ஆளு நான்தான், பேப்பர்ல போடச் சொல்லு" என்கிறான். சிரிக்கிறான். அவன் சிரிக்கும்போது என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

நீ மசோதாவில் தோற்றாய். இப்போது ஜெயித்துவிட்டாய். ஊர் காலியாகும்போது வந்து பார்.

வெர்லின்


தலைநகர்
30 செப்டம்பர் 2000

வெர்லின்,

இரண்டு விஷயம். முதலாவதை அதிகாரியாக எழுதுகிறேன். பலமாக அடிபட்ட பன்னிரண்டு பேருக்கும் ஒரேயடியாகத் தீர்த்துக்கொள்ளும்படி ஒரு வாய்ப்பு அனுப்பியிருக்கிறோம். அவர்களுக்கு வர வேண்டியதில் டாலருக்கு நாற்பது சென்ட். வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டால் அதற்குப் பிறகு எதுவும் கேட்க முடியாது. நவம்பர் கடைசிக்குள் பதில் வேண்டும். கையெழுத்திடுபவரின் ஊர் கட்ட வேண்டிய பங்கு பாதிக்கும் கீழே இறங்கும். அதனால் மேயர்கள் மூலம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆர்டனின் தாள் உன் கையில்தான் வரும்.

இரண்டாவதை எழுதவே கூடாது. எழுதுகிறேன். ஆர்டனைக் கையெழுத்திட விடாதே.

ஆயுள் முழுக்கச் சிகிச்சை வேண்டியவர்களின் செலவை அரசே ஏற்கும்படி ஒரு மசோதா தயாராகிறது. வரும் வசந்தத்தில் வரும். இந்த முறை தோற்காது, ஆளுநருக்கே அது வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் தீர்த்துக்கொண்டவர்களுக்குக் கிடையாது. எத்தனை பேர் இப்போது நாற்பது சென்ட்டுக்கு ஒத்துக்கொள்கிறார்களோ அரசுக்கு அவ்வளவு மிச்சம். எங்களை வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருப்பது அதனால்தான். அப்படிச் சொன்ன கூட்டத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நான் சொன்னதாக ஆர்டனிடம் சொல்லாதே. வசந்தம் வரை பொறு என்று மட்டும் சொல். நீ சொன்னால் கேட்பான்.

மார்லிஸ்


தலைநகர்
4 டிசம்பர் 2000

வெர்லின்,

ஆர்டனின் தாள் இன்று என் மேசைக்கு வந்தது. அவன் கையெழுத்துக்குக் கீழே சாட்சியாக உன் கையெழுத்து.

என் கடிதம் கிடைக்கவில்லை என்று சொல். தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல். நான் நம்புகிறேன்.

மார்லிஸ்


ஹால்வர் கிரீக்
12 டிசம்பர் 2000

அக்கா,

கிடைத்தது.

வசந்தத்தில் வரும் என்றாய். நான்கு வருடமாக உங்கள் தலைநகரிலிருந்து வரும் வரும் என்று சொன்னதில் எது வந்தது? மசோதா தோற்காது என்று உனக்கு எப்படித் தெரியும்? ஒன்று தோற்றதை நீயே பார்த்தாய். அது வராமல் போனால் ஆர்டனுக்கு அந்த நாற்பதும் இல்லை, ஊருக்கு ஒன்றும் இல்லை.

நான் எதை மனதில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன் என்று உனக்குத் தெரியுமா? ஊரின் பங்கு குறையாவிட்டால் கடன் தர முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. ஆம்புலன்ஸை வரும் ஜனவரியில் நிறுத்த வேண்டிய நிலைமை. இலையுதிர் காலத்தில் இரண்டு பண்ணைகள் ஏலத்துக்குப் போயின, ஒன்று ஓரினுடையது. அவர் பேசியதற்கு நன்றாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அவர் மனைவி கடையில் வந்து நின்றாள்.

நான் பொய் சொல்லவில்லை. தாளை மேசையில் வைத்தேன். ஆர்டன் படித்தான். லவோன் அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"இதைவிட நல்லது ஏதாவது வருமாடா?" என்றான்.

"எனக்கென்னடா தெரியும், தலைநகர்க்காரங்களைப் பத்தி."

"நீ என்ன சொல்ற?"

"உன் இஷ்டம், ஆர்டன்."

"எல்லாரும் வரி கட்டியே சாகுறாங்க. போன வாரம் சர்ச்ல ஒருத்தரும் எங்க பக்கத்துல உக்காரல, தெரியுமா? போதும்டா. பேனா இருக்கா?"

பேனா கொடுத்தேன். அதைத்தான் செய்தேன். எனக்கு அறுநூறு வீடுகள், அக்கா. அவன் ஒரு வீடு.

நீ என்னவோ கை கழுவிக்கொண்டு நிற்பதுபோல எழுதுகிறாய். அவன் ஃபோன் நம்பர் உன்னிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தாய். உன் வேலை போகாமல் இருக்க வேண்டும், அவனும் தப்பிக்க வேண்டும், நடுவில் நான் சொல்ல வேண்டும். அந்தத் தாள் உன் மேசையில் ஒரு வாரம் இருந்திருக்கிறது. திருப்பி அனுப்பினாயா?

வெர்லின்


தலைநகர்
19 டிசம்பர் 2000

இல்லை. அனுப்பவில்லை. முத்திரை வைத்துக் கோப்பில் சேர்த்துவிட்டேன்.

மா.


ஹால்வர் கிரீக்
21 மே 2001

அக்கா,

மசோதா நிறைவேறியதைப் பேப்பரில் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் கையெழுத்திடாமல் காத்திருந்தார்களாம். அவர்களுக்கு முழுதும் வரும், நர்ஸ் வருவாள், சாகும் வரை வருவாள். மீதி ஐந்து பேரின் பெயர் பேப்பரில் இல்லை.

ஆர்டனுக்குக் கிடைத்த பணத்தில் அவன் முதலில் செய்தது என்ன தெரியுமா? வரிச்சீட்டைச் சுவரிலிருந்து எடுத்து முழுதும் கட்டினான். ஊரிலேயே முதலில் கட்டியவன் அவன்தான். அதற்குப் பிறகு குளியலறைக் கதவை அகலமாக்கினார்கள், ஒரு பழைய வேன் வாங்கினார்கள். பாக்கி எவ்வளவு நாள் வரும் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு தோறும் மத்தியானம் போகிறேன். சீட்டாடுவோம். சர்ச்சிலிருந்து வேறு யாரும் போவதில்லை. அவர்களுக்கு வெட்கம், எனக்கு வழியில்லை. நேற்றுப் போனபோது அவன் பேப்பரைப் படித்திருந்தான். என் மேல் எறிவான் என்று நினைத்தேன்.

"நமக்கு அதிர்ஷ்டம் அவ்வளவுதான்டா" என்றான். "யாருக்குத் தெரியும், வசந்தத்துல இப்படி வரும்னு? உனக்கே தெரியல, குழுவுலயே இருந்தவன். நீ மட்டும் அன்னைக்குத் தாளை எடுத்துட்டு வரலன்னா எனக்கு அதுவும் கிடைச்சிருக்காது." கிளம்பும்போது அவர்கள் வீட்டு உருளைக்கிழங்கு ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தான். அது என் வண்டியின் பின் சீட்டில் அப்படியே கிடக்கிறது. வீட்டுக்குள் எடுத்துப் போக முடியவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை.

தெரிந்தவர்கள் இரண்டே பேர், நீயும் நானும். நான் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நீ போய்ச் சொல். கரையிலேயே நிற்காதே.

வெர்லின்


தலைநகர்
10 ஜூன் 2001

வெர்லின்,

போனேன்.

ஆர்டனை மருத்துவ வேன் அழைத்துப் போகும் நாளாகப் பார்த்துத்தான் போனேன். லவோன் கொல்லையில் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு எப்போது தெரியும், உனக்கு எப்போது எழுதினேன், அதற்குப் பிறகு நானும் முத்திரை வைத்தேன் என்பது வரை. அவள் நடுவதை நிறுத்தவில்லை. வரிசை முடியும் வரை நட்டாள்.

பிறகு கேட்டாள்: "இதை இப்ப எதுக்குச் சொல்றீங்க? இனிமே ஏதாவது மாறுமா?"

"மாறாது. வழக்குப் போட்டா என் பேரைச் சொல்லலாம். நான் வந்து சாட்சி சொல்றேன்."

"அந்தத் தாள்ல நாங்க கேக்க மாட்டோம்னு எழுதியிருக்கு. நீங்க எழுதினதுதானே? நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு வக்கீல்கிட்ட காட்டினேன், ஓட்டையே இல்லன்னாரு." கையை உதறி மண்ணைத் தட்டினாள். "அப்போ உங்க மனசு லேசாகறதுக்காகச் சொல்றீங்க."

நான் கிளம்பத் திரும்பினேன். அவள் விடவில்லை.

"ஆர்டன்கிட்ட சொல்லக் கூடாது, கேட்டீங்களா? அவருக்குக் காலு போச்சு, பணம் போச்சு. இந்த ஊருல வீட்டுக்கு வந்து போற ஆளு ஒரே ஒருத்தர். அவரும் இப்படின்னு நான் போய்ச் சொல்லவா? ஞாயித்துக்கிழமை வந்தா காலையிலேயே சட்டை மாத்திட்டு உக்காந்திருக்காரு அந்த மனுஷன்."

"வெர்லினை வரவேண்டாம்னு சொல்லட்டுமா?"

அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வரணும். ஒரு ஞாயிறு விடாம வரணும். சிரிச்சுப் பேசணும், சீட்டாடணும், ஆர்டன் நன்றி சொன்னா வாங்கிக்கணும். நான் எதிர்ல உக்காந்திருப்பேன். காபி ஊத்துவேன். எனக்குத் தெரியும்னு வெர்லினுக்குத் தெரியணும். தெரிஞ்சுக்கிட்டே குடிக்கணும். நீங்களும்தான். கரையில நிக்கிறவ எங்கன்னு ஆர்டன் அடிக்கடி கேக்குறாரு."

அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனி மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். நீயும் அங்கேதான் இருப்பாய், ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும். என்னிடம் எதுவும் பேசாதே. ஆர்டனிடம் பேசு.

மார்லிஸ்